அவர்களே ஆமீன் சொன்ன துஆ

காலை ஏழு ஐம்பது. தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது பெயின்டர் மணியின் கால்களை. ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். சுவரில் மாட்டியிருந்த மரப்பலகையில், இதுவரை இருந்த தலைமையாசிரியர்களின் பெயர்களுக்குக் கீழே, வெள்ளை பெயின்டில் ஒரு புதுப் பெயரை எழுதி முடித்திருந்தார். எஸ். இம்தியாஸ் அகமது.

போன வருடம் ஜூன் மாதம், பள்ளி திறக்கும் நாள் அது. புதுப் பெயருக்கு நேர் மேலே இருந்தது சுலைமான் சாரின் பெயர். அவர் ஓய்வுபெற்று பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடமும் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்தவன் நான். பலகையில் அந்த மூன்று வருடம் இல்லை.

மணி பிரஷ்ஷைத் துணியில் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"உங்க பேர எழுதத்தான் சார் கூப்ட்டாங்கன்னு நெனச்சிகினு வந்தேன். இங்க வந்தா வேற பேரு சொல்றாங்க. நான் இன்னா சார் பண்றது?"

எழுத்து நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சகோதர சகோதரிகளே, அல்லாஹ் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று பல மாதமாக நினைத்து இப்போதுதான் எழுதுகிறேன். ஆசிரியர் வேலைக்கு வருவதற்கு முன் நான் ஒரு நாளிதழுக்குச் செங்கல்பட்டில் பகுதி நிருபராக இருந்தேன். கோர்ட், விபத்து, ஏரி உடைப்பு எல்லாம் எழுதியிருக்கிறேன். பார்த்ததை எழுது, கேட்டதை யார் சொன்னார் என்று எழுது, நீ நினைத்ததை எழுதாதே என்று பழக்கியிருந்தார்கள். இதையும் அப்படித்தான் எழுதப் பார்க்கிறேன். ஓரிரு இடத்தில் முடியாது.

எங்கள் பள்ளி செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் இருக்கிறது. எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள் அறக்கட்டளை வைத்து நடத்துகிறார்கள். எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை உண்டு. தாளாளர் கமாலுத்தீன் ஹாஜியார். ஊரில் மரவாடி வைத்திருக்கிறார். பெரிய முடிவு எதுவானாலும் எங்களிடம் மஷூராதான். எல்லோரும் கூடி உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்வார்கள். ஏப்ரல் மாத மஷூராவில் என்னையே நிரந்தரத் தலைமையாசிரியராகப் போடுவது என்று எல்லோரும் சொன்னார்கள். ஹாஜியாரும் சொன்னார். மே மாதம் அவருடைய மருமகன் இம்தியாஸ் வளைகுடாவிலிருந்து வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார்.

என்னை விலக்க ஒரு காரணம் வேண்டும். காரணமாக வேன் கிடைத்தது.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில், நெம்மேலியிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வந்த எங்கள் பள்ளி வேனின் பின்கதவு ஓடும்போதே திறந்துகொண்டது. யாருக்கும் அடிபடவில்லை. எதிரே டீக்கடையில் நின்றிருந்த ஒரு நிருபர் அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வந்தது. வேன் ஒப்பந்தம் ஹாஜியாரின் தம்பியுடையது. அதோடு ஒப்பந்தம் போனது. மே மாத மஷூராவில் ஹாஜியார் என்னைக் காட்டி, அந்தச் செய்தியைக் கொடுத்தது இவர்தான் என்றார். நான் கொடுக்கவில்லை. அந்த நிருபரைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று சொன்னேன். யாரும் கூப்பிடவில்லை. நான் ஒரு காலத்தில் நிருபராக இருந்தவன் என்பதே போதுமான சாட்சியாகிவிட்டது.

அதன்பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிவாசலில் தொழுகை வரிசையில் எல்லோரும் என் தோளோடு தோள் சேர்த்துத்தான் நின்றார்கள். அது கடமை. ஸலாம் கொடுத்து முடித்ததும் அந்தத் தோள்கள் விலகிப் போயின. என் மகள் நஸ்ரின் இதே பள்ளியில் பிளஸ் ஒன் சேர இருந்தாள். "உங்க அத்தாதான் போட்டுக் குடுத்தாராமே?" என்று கூடப் படித்தவள் ஒருத்தி கேட்டிருக்கிறாள். நஸ்ரின் அதை என்னிடம் சொல்லவில்லை. தன் அம்மாவிடம் சொன்னாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

ராஜினாமா செய்துவிடலாம் என்று இருந்தேன். என் மனைவி ஜரினா ஒரே வாக்கியம் சொன்னாள். "இப்ப நீங்க போனீங்கன்னா, அவங்க சொன்னது உண்மைன்னு ஆயிடும்."

அதனால் ஜூன் மாதம் அந்தக் காலையில் போனேன். பலகையைப் பார்த்தேன். பிறகு மைதானத்தில் பிள்ளைகளோடு நின்றேன்.

மேடையில் ஹாஜியார், இம்தியாஸ், அறக்கட்டளைக்காரர்கள். ஹாஜியார் மைக்கைப் பிடித்தார். புதுத் தலைமையாசிரியர் வளைகுடாவில் பத்து வருடம் பிரின்சிபாலாக இருந்தவர் என்றார். அந்தப் பள்ளியின் பெயரை இரண்டு முறை சொன்னார். பிறகு, யாரையும் பார்க்காமல், இதைச் சொன்னார்:

"பேப்பர்காரன் புத்தி கீறவங்க கைல புள்ளைங்கள குடுக்க முடியாது. வூட்டு விஷயத்த ரோட்ல கொண்டுபோய் போடுறவங்க நமக்கு வேணாம்."

அவர்தான் யாரையும் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆசிரியர்கள், பெற்றோர்கள், நான் பாடம் நடத்திய பிள்ளைகள். நஸ்ரின் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிகழ்ச்சியை முடித்துவைக்கப் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் வந்து, கையேந்திப் பிரார்த்தித்து துஆ செய்ய வேண்டும். அவர் ஒரு கல்யாணத்தில் நிக்காஹ் நடத்திவைத்துவிட்டுக் கேளம்பாக்கம் சந்திப்பில் வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருப்பதாக போன் வந்தது. ஹாஜியார் சிரித்தபடி என் பக்கம் கையைக் காட்டினார்.

"ரவூப் சார், வாங்க. நீங்களே துஆ செஞ்சிடுங்க. நாம எல்லாம் ஒத்துமையாத்தான் கீறோம்னு புள்ளைங்களுக்கும் தெரியட்டும்."

அடித்தவரே தடவிக்கொடுக்கவும் வந்துவிட்டார், அதற்கும் என் கைதான் வேண்டியிருந்தது. மேடை ஏறினேன். ஏறும்வரை என் மனதில் எந்த வார்த்தையும் இல்லை. கையை ஏந்தியதும் வந்தது.

எங்கள் பள்ளியில் துஆ எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும். ஓதுகிறவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். பிள்ளைகள் ஆமீன் சொல்வார்கள். எந்த வகுப்பின் ஆமீன் பெரியது என்பதில் போட்டி உண்டு. பெரியவர்களும் அப்படித்தான். ஹாஜியாரின் ஆமீன் பள்ளிவாசலிலேயே பெயர் பெற்றது. கண்ணை மூடிக்கொண்டு, மற்ற எல்லோருக்கும் முன்னால் எழும்பும். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நம்மில் பலர் துஆவைக் கேட்பதில்லை. ஆமீனுக்கு எங்கே இடம் விழுகிறது என்று மட்டும் கேட்கிறோம்.

அல்லாஹ்வைப் புகழ்ந்து, நபியின் மேல் ஸலவாத் சொல்லி, தமிழில் ஆரம்பித்தேன்.

"யா அல்லாஹ், இந்தப் பிள்ளைகளுக்கு நல்ல கல்வியைக் கொடு." ஆமீன்.

"இந்த நாற்காலிக்கு உண்மையோடு வந்தவரை இதில் நிலைக்க வை." ஆமீன்.

"பொய் சொல்லி இதில் உட்கார்ந்தவரை, இந்தப் பிள்ளைகளின் கண் முன்னாலேயே இறக்கிவிடு." ஆமீன்.

"குற்றம் செய்யாதவன் மேல் பழி போட்ட நாக்கு, எந்த மைக்கில் அதைச் சொன்னதோ அதே மைக்கில் அதைத் திரும்ப எடுக்கட்டும். எடுக்கும்வரை அந்த நாக்குக்குச் சொந்தக்காரருக்கு நிம்மதி கொடுக்காதே."

ஆமீன். இந்த முறையும் ஹாஜியாரின் குரல்தான் முந்தியது. இம்தியாஸ் ஆமீன் சொல்லி, இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் பூந்தி கொடுத்தார்கள்.

கணக்கு வாத்தியார் கோபால் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் வாயில் பூந்தி இருந்தது.

"சார், எங்காளுங்க இதுக்குக் கோயிலுக்குப் போய் காசு வெட்டிப் போடுவாங்க. நீங்க மைக் வெச்சே போட்டுட்டீங்களே."

"நியாயம்தான் கேட்டேன் கோபால்."

"அவரே கையெழுத்துப் போட்டு குடுத்த மாதிரி ஆமீன் சொல்றாரு சார். இன்னா மனுசன்."

மாலையில் நஸ்ரினோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பாதி வழிவரை அவள் முன்னால் நடந்தாள். பிறகு, "அத்தா, கடைசி ரெண்டுக்கும் நான் சத்தமா சொன்னேன்" என்றாள்.

ஜூன் போனது. ஜூலை போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு அதே இரண்டு வரியை அதே வார்த்தைகளில் கேட்டேன். குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. அநியாயம் செய்யப்பட்டவனின் துஆவுக்கும் இறைவனுக்கும் நடுவே திரை கிடையாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நான் அதைப் பாடமாகத் தெரிந்துவைத்திருந்தேன். அந்த இரண்டு மாதத்தில்தான் அதில் சாய்ந்து நின்றேன். வேறு சாய எதுவும் இல்லை.

இம்தியாஸ் என் நாற்காலியை நூலகத்துக்கு மாற்றினார். பிளஸ் டூ தமிழ் வகுப்பை என்னிடமிருந்து எடுத்தார். மாலையில் வேன்களில் பிள்ளைகளை ஏற்றிவிடும் வேலையை எனக்குப் போட்டார். கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு கேட்டில் நிற்க வேண்டும். என்னைச் சிறுமைப்படுத்தத்தான் போட்டார்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வேலையை எப்படிச் செய்வது என்று முதல் நாள் அவரே வந்து காட்டினார். சின்னப் பிள்ளைகள் முதலில். பை மடியில். ஜன்னல் பக்கம் கை இருக்கிறதா என்று ஒரு பார்வை. பிறகு கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டு, வண்டி கிளம்பலாம். மிக நன்றாகச் செய்தார். பத்து வருடம் பிரின்சிபாலாக இருந்தவருக்கு இது எப்படி இவ்வளவு நன்றாகத் தெரியும் என்ற கேள்வி எனக்கு அப்போது வரவில்லை. நிருபராக இருந்தவனுக்கு வந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் பதினைந்து. கொடி ஏற்றியாகிவிட்டது. பெற்றோர்கள் மைதானத்தின் ஒரு பக்கம் நின்றிருந்தார்கள். மேடையில் ஹாஜியார், இந்த முறை ஹஜ்ரத்தும். இம்தியாஸ் மைக்கில் பேசத் தொடங்கியிருந்தார். பெற்றோர் பக்கத்திலிருந்து, இரண்டாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குழந்தை தன் அம்மாவின் கையை உதறிவிட்டு மேடையை நோக்கி ஓடியது.

"பஸ் சார்! பஸ் சார்!"

அம்மா பின்னாலேயே வந்தார். ஷமீமா என்று பெயர். குடும்பம் வளைகுடாவிலிருந்து திரும்பி, கேளம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கி, ஜூலையில்தான் வந்திருந்தது. குழந்தையைச் சேர்க்க முந்தைய நாள் வந்தது அவருடைய மாமனார். ஷமீமாவும் குழந்தையும் பள்ளிக்குள் கால் வைத்தது அன்றுதான். முகமெல்லாம் மகிழ்ச்சி.

"அட, பஸ் சாரு! நீங்க எப்ப சார் ஊருக்கு வந்தீங்க?"

மைக்கை யாரும் அணைக்கவில்லை.

"யாரும்மா நீங்க? ஆள மாத்திப் பேசுறீங்க" என்றார் இம்தியாஸ்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நான் அங்கே பஸ் பொறுப்பில் இருந்தேன், இந்தக் குழந்தையை எனக்குத் தெரியும் என்று சொல்லிச் சிரித்திருந்தால் அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. அவர் மேல் எல்லோருக்கும் மரியாதைகூட வந்திருக்கும். அவர் ஆளை மாற்றிப் பேசுகிறீர்கள் என்றார். ஷமீமாவின் முகம் மாறியது.

"ஆள மாத்துறனா? தெனம் காலைல எம்பொண்ண பஸ்ல ஏத்திட்டு, கதவுல ரெண்டு தட்டு தட்டுவீங்களே சார். தண்ணி பாட்டில வுட்டுட்டுப் போய்ட்டான்னு வூடு தேடி வந்து குடுத்தீங்க. நல்ல மனுசன்னுதான சார் கூப்ட்டேன்."

"நான் பிரின்சிபால்மா."

"இங்க இருங்க சார், யாரு வேணான்னா? அங்க பிரின்சிபாலு ஒரு மேடம். அவங்களயுமா எனக்குத் தெரியாது?"

ஹஜ்ரத் முன்னால் குனிந்து, எந்தப் பள்ளியம்மா என்று கேட்டார். ஷமீமா பெயரைச் சொன்னார். ஜூன் மாதம் ஹாஜியார் இரண்டு முறை சொன்ன அதே பெயர். மைதானத்தில் நின்ற எல்லோருக்கும் அது நினைவிருந்தது.

முதலில் யு.கே.ஜி. பிள்ளைகள் ஆரம்பித்தார்கள். பஸ் சார், பஸ் சார் என்று. அது ஒன்றாம் வகுப்புக்குப் போனது, அங்கிருந்து ஐந்தாம் வகுப்புக்குப் போனது. ஆசிரியர்கள் உதட்டில் விரல் வைத்தார்கள். நான் வைக்கவில்லை. என் வகுப்பை நான் அடக்கவில்லை. இம்தியாஸ் மேடையை விட்டு இறங்கியதை, படிக்கட்டில் ஒரு முறை தடுக்கியதை, சாக்லேட் தட்டைத் தாண்டி கேட் வரை நடந்ததை, கடைசிவரை பார்த்தேன். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மறைத்து எழுத மாட்டேன். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

"அதே மைக்கு சார்" என்றார் கோபால், என் காதருகில்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மஷூரா கூடியது. அந்தப் பள்ளிக்கு போன் போட்டுக் கேட்டார்கள். ஷமீமா சொன்னது உண்மை. இம்தியாஸ் மறுநாள் வரவில்லை, அதன்பிறகும் வரவில்லை. நான் கேட்ட இரண்டில் ஒன்று, கேட்டபடியே, பிள்ளைகள் கண் முன்னால் நடந்தது. வீட்டுக்கு வந்து, நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தேன். எழுந்து, இரண்டாவதைக் கேட்டேன்.

சில நாள் கழித்து ஹாஜியார் என் வீட்டுக்கு வந்தார். தனியாக வந்தார். முன்பு என்னைத் தேடி அவர் வந்ததே இல்லை. முகம் சுருங்கியிருந்தது. உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ரவூப், அந்த துஆவ வாபஸ் வாங்கிடு."

"எந்த துஆ ஹாஜியார்?"

"உனக்குத் தெரியும். தூக்கம் வரல எனக்கு. சோறு எறங்கல. பொண்ணு மொகத்தப் பார்க்க முடியல. மரவாடில நிக்கிற பசங்ககூட பஸ் சாருன்னு பேசிகினு சிரிக்கிறானுங்க."

"நான் மட்டுமா கேட்டேன்? நீங்களும் ஆமீன் சொன்னீங்களே."

"நான் இன்னா கேட்டுகினா சொன்னேன்? எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்."

"அல்லாஹ் கேட்டுகிட்டுத்தான் இருந்தான் ஹாஜியார்."

வீட்டுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் ஜரினா டீ கொடுக்காமல் அனுப்பியதில்லை. அன்று சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

"நான் இன்னா செய்யணும்?" என்றார் கடைசியில்.

"அந்த துஆவுலயே இருக்கு. மைக் ஸ்கூல்லதான் இருக்கு."

திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு வந்தார். பேச எழுந்தவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார், வேலை செய்தது. வேன் செய்தியை ரவூப் சார் கொடுக்கவில்லை என்றார். தான் சொன்னது பொய் என்றார். பொய் என்ற சொல்லை அவர் மெதுவாகச் சொன்னதால், பின்வரிசையில் இருந்தவர்கள் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். இரண்டாவது முறை சத்தமாகச் சொன்னார். நான் அவரைப் பார்க்கவில்லை. நஸ்ரினைப் பார்த்தேன். அவள் ஷூவைப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மதியம் அவளோடு சாப்பிட யார் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று வீட்டுக்கு வந்து பெயர் பெயராகச் சொன்னாள்.

செப்டம்பர் மஷூராவில் என்னைத் தலைமையாசிரியராகப் போட்டார்கள். ஹாஜியார் தாளாளர் பதவியை இன்னொரு தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். மணி மறுபடியும் ஸ்டூல் மேல் ஏறினார். இம்தியாஸ் பெயரைச் சுரண்டி எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். நான் வேண்டாம் என்றேன். பெயர் இருக்கட்டும், பக்கத்தில் காலத்தை மட்டும் எழுதுங்கள் என்றேன். மற்ற எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் வருடம்தான் இருக்கிறது.

"ஜூன்லேர்ந்து ஆகஸ்ட்டுன்னா எழுதறது? மாசத்த போட்டா நல்லா கீதா சார்?"

"போடுங்க மணி."

போட்டார். அதன் கீழே என் பெயரை எழுதி, பொறுப்பில் இருந்த மூன்று வருடத்தையும் பக்கத்தில் சேர்த்தார்.

மன்னித்திருக்கலாமே என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். மன்னிப்பது உயர்ந்தது என்று எனக்கும் தெரியும். நான் அதைக் கேட்கவில்லை, நியாயத்தைக் கேட்டேன். கேட்கும் உரிமையை எனக்குக் கொடுத்தவன் அல்லாஹ். கேட்டதைக் கேட்ட வார்த்தையிலேயே கொடுத்தவனும் அவனே. எல்லாப் புகழும் அவனுக்கு. முன்பு தொழுகை எனக்குக் கடமையாக மட்டும் இருந்தது. முடித்துவிட்டு வேலைக்கு ஓடுவேன். இப்போது ஃபஜ்ர் முடிந்தும் எழுந்திருக்க மனம் வருவதில்லை. கேட்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று கண்ணால் பார்த்துவிட்டேன்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது அநியாயம் நடந்திருந்தால், ஆள் வைத்து அடிக்காதீர்கள், மொட்டைக் கடிதம் எழுதாதீர்கள், வாட்ஸ்அப்பில் திட்டாதீர்கள். கையை ஏந்துங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. யார் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் ஒன்று. நீங்கள் சுத்தமாக இருந்தால் மட்டும் கேளுங்கள். அந்த ஜூன் மாதக் காலையில் நான் ஒரு சொல் பொய் சொல்லியிருந்தாலும், படிக்கட்டில் தடுக்கி இறங்கியிருப்பவன் நான். அதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். தாமதமானால் அதே வார்த்தைகளில் மறுபடி கேளுங்கள். அவன் கொடுப்பான்.

சென்ற மாதம் பள்ளியின் ஆண்டு விழா நடந்தது. ஹாஜியாரும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். முடிவில் நான் துஆ செய்தேன். பிள்ளைகள் வழக்கம்போல் சத்தமாக ஆமீன் சொன்னார்கள். ஹாஜியார் கண்ணைத் திறந்துவைத்திருந்தார். ஒவ்வொரு வரியும் முடியும்வரை கேட்டு, கொஞ்சம் பொறுத்து, எல்லோருக்கும் கடைசியில் ஆமீன் சொன்னார்.